அறுபத்துப் பதினைந்தில் எட்டு போனால்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை இரவு

அன்பும் மரியாதையும் உள்ள ரோசா அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி லினெட் எழுதிக்கொள்வது. ஊரே அடங்கின பிறகு, இந்நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பகலில் பேனாவை எடுத்தால் ஆஷ்லின் பிடுங்கிக்கொள்கிறாள், சாயங்காலம் எடுத்தால் குக்கர் கூப்பிடுகிறது, இப்போதுதான் எனக்கும் பேனாவுக்கும் ஒன்றாக நேரம் கிடைத்திருக்கிறது. ராஜா அண்ணன் வியாழக்கிழமை பாரீஸுக்குக் கிளம்புகிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிவதற்குள் உழவர்கரை வரைக்கும் உள்ள சொந்தபந்தம் எல்லாம் அவர் பெட்டியில் இடம் பிடித்துவிட்டார்கள். வடகமும் மிளகாய்த்தூளும் யார் யார் வீட்டுக் கருவாடோ எல்லாம் போக, "ஒரு கவருக்குத்தான் எடம் இருக்குது லினெட்டு, அதுவும் தட்டையா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். பேசிப் பதிவு செய்து பார்த்தேன் அண்ணி. பாதியில் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதைக் கேட்டு நீங்கள் பதறி உங்கள் தம்பிக்குப் போன் போடுவீர்கள், அவர் என்னிடம் வந்து, "நல்ல சேதியச் சொல்றதுக்கு எதுக்கு இழவு வீட்டுக் குரல்ல சொல்ற" என்று கேட்பார். அதனால்தான் கடிதம். நல்ல சேதிதான். பயப்படாமல் படியுங்கள்.

இங்கே மாதா புண்ணியத்தில் மூன்று பேரும் சுகம். அருளானந்தம் அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்ததா, அங்கே குளிர் பிடித்துக்கொண்டதா என்று உங்கள் தம்பி தினமும் கேட்கிறார், என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம் என்று நானும் தினமும் சொல்கிறேன். கீழ்வீட்டு அஞ்சலாட்சி அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். மழை வரும்போல இருக்கிறது, ஆனால் வரவில்லை. இவ்வளவுதான் ஊர்ச் சேதி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளிலேயே ஆஷ்லினுடைய டீச்சர் கார்குழலி மிஸ் என்னை வாசலில் நிறுத்தி, கூட்டலெல்லாம் பரவாயில்லை, கழித்தலில்தான் குழந்தை தடுமாறுகிறாள் என்று சொன்னது உங்களுக்குத் தெரியும், போனில் அழுதிருக்கிறேன். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை. காலாண்டுப் பரீட்சையிலும் இப்படியே எழுதினால் மத்தியான வேளையில் அவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித்தரப்போவதாகச் சொன்னார்கள். மிஸ் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டாம் வகுப்புக்கு ஓவியமும் பாட்டும் நடப்பது அந்த மத்தியானத்தில்தான். அன்றைக்கு ராத்திரி ஆஷ்லின் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ் போயிட்டா கவிநிலா பக்கத்துல யாரும்மா உக்காருவா" என்று கேட்டாள். அழவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும், தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லூரியில் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கெல்லாம் கையில் இருக்கிறது, எழுபத்தைந்தில் எட்டு போனால் மீதி என்ன என்று ஒரு குழந்தைக்குப் புரியவைக்கத்தான் வாயில்லை. எழுபத்தைந்தை மேலே எழுதி எட்டைக் கீழே எழுதினால் இவள் யோசிக்காமல் எழுபத்துமூன்று என்று போடுவாள். ஐந்திலிருந்து எட்டு போகாதே, பக்கத்து ஏழிலிருந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டுமே என்று நான் சொன்னால், "அஞ்சிலேர்ந்து எட்டு போவலன்னா எட்டுலேர்ந்து அஞ்சு போவுது இல்ல, அப்பறம் ஏன் பக்கத்துல போயி தொந்தரவு பண்ணணும்" என்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது அண்ணி? குழந்தை சண்டை சச்சரவு இல்லாமல் கணக்கை முடிக்கப் பார்க்கிறது. புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன், சோழி வைத்துப் பார்த்தேன், உங்கள் தம்பியின் சட்டைப் பித்தான் டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பித்தானில் பூ போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்புறம் நான் நெட்டில் குழந்தைகளுக்குக் கணக்கு வராததற்குக் காரணங்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடவே கூடாது அண்ணி. நாலு பக்கம் படிப்பதற்குள் குழந்தைக்கு இருக்கிறதாகச் சொன்ன எல்லாம் எனக்கும் இருந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு வந்துவிடலாம், ஒருநாள் லீவு போடுங்கள் என்று இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்காமலே, "எட்டு கழிக்கத் தெரியலன்னா எந்த டிபார்ட்மென்ட்ல சீட்டு போடுவாங்க, அதையும் கேட்டு வெச்சிரு" என்றார்.

அதற்கப்புறம்தான் விளையாட்டு. கூட்டல் கழித்தலை விளையாட்டாகப் பழக்கலாம் என்று போனில் இலவசமாக நிறைய இருக்கிறது. ஒன்றில் பலூன் பறக்கும், ஒவ்வொரு பலூனிலும் ஒரு விடை, சரியான பலூனை உடைக்க வேண்டும். ஆஷ்லின் மடமடவென்று உடைத்துத் தள்ளினாள், போனில் பூமாரி பொழிந்தது, நான் உள்ளம் குளிர்ந்து அஞ்சலாட்சி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ எல்லா பலூனையும்தான் ஒடைக்கறா" என்றார்கள். உண்மை. தப்பான பலூன் உடைந்தால் ஒன்றும் ஆகாது, சரியானது உடைந்தால் பூமாரி. கணக்குக்கே போகாமல் விடைக்குப் போகிற வழியை என் பொண்ணு கண்டுபிடித்திருந்தாள். இன்னொரு விளையாட்டில் இரண்டு கணக்குக்கு ஒரு விளம்பரம் வரும். அதில் எதையோ தொட்டு, ஒருநாள் வாசலில் ஒரு பையன் வந்து காய் நறுக்கும் மெஷினை நீட்டி, ஆஷ்லின் மேடம் வீடு இதுதானே என்றான். மேடம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

இந்தக் கதையை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் நீங்கள், "அழாத லினெட்டு, நான் ஒண்ணு வாங்கி அனுப்பறேன்" என்று சொல்லி, அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுகிற அந்தக் கரடி விளையாட்டுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டி அனுப்பினீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணி, அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம். போனைத் திறந்தால் கரடி பிரெஞ்சு பேசுகிறது. நான் பிறந்த ஊர் கடலூர், பிரெஞ்சில் பொன்ழூர் என்று வணக்கம் சொல்வதற்கு மேல் வராது. உங்கள் தம்பி பத்தாவது வரைக்கும் பிரெஞ்சு படித்தவர் என்று கல்யாணத்துக்கு முன்னால் பெருமையாகச் சொன்னார்கள், அதை இப்போதுதான் வெளியே எடுத்துப் பார்க்கிறோம். கரடி முழு வாக்கியமாகப் பேசினால் இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ரொட்டின்னு சொல்லுது" என்பார். ரொட்டிக் கடையில் ரொட்டி என்றுதான் சொல்லும் என்பது எனக்கும் தெரியும்.

நீங்கள் அந்த விளையாட்டைப் பார்த்தீர்களோ இல்லையோ, சொல்கிறேன். கரடி ஒரு ரொட்டிக் கடை வைத்திருக்கிறது. காலையில் இத்தனை ரொட்டி சுட்டேன் என்று வாயால் சொல்லும், எழுதிக் காட்டாது. நாம் கேட்டுப் பத்துப் பத்தாகத் தட்டில் அடுக்கி, மீதியை மேஜையில் உதிரியாக வைக்க வேண்டும். அப்புறம் முயல், வாத்து என்று ஒவ்வொன்றாக வந்து வாங்கிக்கொண்டு போகும், கடைசியில் மீதி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தொட்டுப் பார்த்துத் தப்பிக்க விடைகள் எதுவும் தொங்காது. சரியாகச் சொன்னால் கரடி பிராவோ என்று தொப்பியைத் தூக்கும். தப்பாகச் சொன்னால் திட்டாது, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "தொமாஜ்" என்று ஒரு பெருமூச்சு விடும். அடப்பாவமே என்று அர்த்தமாம், இது இவருக்குத் தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் நிறையக் கேட்டிருப்பார் போல.

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்து பண்ணினதைக் கேளுங்கள். பால் பொங்கினால் ஆஷ்லின் தொமாஜ் என்கிறாள். இவர் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றால் மாடியிலிருந்து தொமாஜ். ஒருநாள் இவருடைய ஆபீசர் பலராமன் சார் லைனில் இருக்கும்போது பக்கத்தில் கரடி விளையாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றல் உத்தரவு தனக்கு வந்துவிட்டது என்று சார் சொல்லியிருக்கிறார், நம் கரடி நேரம் பார்த்துப் பெருமூச்சோடு தொமாஜ் என்றிருக்கிறது. சாருடைய அம்மா பக்கம் பிரெஞ்சு தெரிந்த குடும்பமாம். "லூர்து, நீங்க ஒருத்தர்தான்யா மனசாரக் கவலப்பட்டீங்க" என்று இவரிடம் குரல் உடைந்துபோய்ச் சொன்னாராம். இவர் அதைத் திருத்தவில்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். ஆஷ்லின் பள்ளிக்கூடம் போனபிறகு, அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்து, மத்தியானம் முழுக்க நானே ஆடினேன். அரிசி ஊறப்போட்டதுகூட மறந்துவிட்டது. கரடி விடாமல் தொப்பியைத் தூக்கியது. கல்லூரி முடித்த பிறகு என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை அண்ணி, அதனால் எழுந்திருக்க மனசு வரவில்லை. சாயங்காலம் ஆஷ்லின் வந்து திறந்தால் கடையில் இருநூறு முந்நூறு ரொட்டி. முயலுக்குப் பதில் ஒரு யானை வரிசையில் நிற்கிறது. ஆடுகிறவருக்குத் தகுந்தபடி கணக்கைக் கடினமாக்கிக்கொண்டே போகும் விளையாட்டாம் அது, நான் ஆடியதை அவள் ஆடியதாக எடுத்துக்கொண்டுவிட்டது. குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "கரடிக்கு எம்மேல கோவம்" என்று போனைக் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் நான் உட்கார்ந்து, ஒவ்வொரு கணக்கையும் சரியாகப் போட்டு விடை தெரிந்துகொண்டு, கவனமாக அதற்குத் தப்பான விடையைக் கொடுத்து, கடையை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினேன். கணிதத்தில் பட்டம் வாங்கினவள் ஒரு கரடியிடம் தொமாஜ் மேல் தொமாஜாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

இப்படியாக அறுபது ரொட்டி வரைக்கும் வந்தோம். அதற்குள் ஆஷ்லினுக்குக் கரடி சொல்கிற எண்கள் காதில் பழகிவிட்டன, அப்பாவின் மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் போய்விட்டது. அப்போதுதான் ஒரு நாள் கரடி, சுவாசாந்த்-கேன்ஸ் ரொட்டி சுட்டேன் என்றது. ஆஷ்லின் புதிதாக இருக்கிறதே என்று நிமிர்ந்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் விரலை மடக்கிக்கொண்டு, "சுவாசாந்த்னா அறுவது. கேன்ஸ்னா பதினஞ்சு. ரெண்டு நம்பரு சொல்லுது" என்றார்.

"ரெண்டு நம்பரு சொன்னா எதுங்க ரொட்டி?"

"அறுவதும் ரொட்டி, பதினஞ்சும் ரொட்டி."

"அப்ப எழுவத்தஞ்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எழுவதுன்னு ஒரு வார்த்தையே அவங்ககிட்ட இல்ல லினெட்டு. அறுவத்தொம்பதுக்கு அப்பறம் அறுவத்துப்பத்து, அறுவத்துப்பதினொண்ணுன்னுதான் போவும். எம்பதுக்கு நாலிருவதும்பாங்க."

விளையாட்டு கெட்டுப்போய்விட்டது, உங்களிடம் சொல்லி மாற்றி வாங்க வேண்டும் என்றே நான் முடிவு செய்துவிட்டேன். இவ்வளவு பெரிய தேசத்தில் எழுபதுக்கு வார்த்தை இல்லையாம், அறுபதை வைத்தே சமாளிக்கிறார்களாம், யார் நம்புவது? இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாம மட்டும் என்ன ஒழுங்கு? நூறு வர்றதுக்கு முன்னாடியே தொண்ணூறுன்னு நூறைக் கூப்டு உக்கார வெச்சிடலையா?" என்று பிரான்சுக்கு வக்காலத்து வாங்கினார். நாங்கள் இரண்டு பேரும் எழுபதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆஷ்லின் எங்களைப் பார்க்கவே இல்லை. கரடி சொன்னபடியே ஆறு தட்டில் அறுபது ரொட்டியை அடுக்கினாள். பதினைந்து ரொட்டியை மேஜையில் உதிரியாகப் பரப்பினாள். வாத்து வந்து எட்டு ரொட்டி கேட்டது. உதிரியிலிருந்து எட்டை எடுத்துக் கொடுத்தாள், மேஜையில் ஏழு இருந்தது. "அறுவத்தேழு" என்றாள்.

கரடி தொப்பியைத் தூக்கியது. எழுபதுச் சண்டை அத்தோடு நின்றது.

அண்ணி, எனக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் மூன்று மாதமாகத் தொண்டை கிழிய, ஏழிலிருந்து ஒன்றை வாங்கி ஐந்துக்குக் கொடு, ஐந்தைப் பதினைந்தாக்கு என்று கத்திக்கொண்டிருந்ததை அந்த பாஷை பெயர் வைக்கும்போதே செய்து முடித்திருக்கிறது. எழுபத்தைந்து என்று சொல்லாமல் அறுபத்துப் பதினைந்து என்று சொன்னால் எட்டை எடுக்கப் பக்கத்தில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, பதினைந்து கையிலேயே இருக்கிறது. சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைக்கிற என் பொண்ணுக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று தெரியுமா? அன்றிலிருந்து எழுபதும் தொண்ணூறும் வந்தால்தான் அவளுக்குக் குஷி. கோயிலில் பங்குச் சாமியார் காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார், நூறு ஆட்டில் ஒன்று போய்விட்டது என்று சொல்லிச் சற்று நிறுத்தினார், சனங்கள் மனசில் பதியட்டும் என்று நிறுத்தியிருப்பார். அந்த அமைதியில் இவள் பெஞ்சின் மேல் ஏறி, "கத்ர்-வேன்-தீஸ்-நேஃப்" என்று கத்தினாள். நாலிருபதும் பத்தொன்பதும், அதாவது தொண்ணூற்றொன்பது. முன்வரிசையில் இருந்த பழைய பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் எல்லாரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாமியார் கோபித்துக்கொள்ளவில்லை, மீதியைச் சரியாகச் சொன்னாய், போன ஒன்றைத்தான் நாம் தேட வேண்டும் என்று சொல்லி அதையே பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஆஷ்லின் அவருக்குப் பிராவோ சொன்னாள். அதை நான் கையால் வாயைப் பொத்தி நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லா எண்ணும் எழுபதுக்கு மேல் வருமா? அந்தக் கவலை எனக்கு உடனே வந்துவிட்டது, வரவில்லையென்றால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். எழுபதுக்குக் கீழே பிரெஞ்சுக்காரர்களும் நம்மைப் போல ஒழுங்காகத்தான் எண்ணுகிறார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், மனசைத் திடப்படுத்திக்கொண்டு, ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போனால் என்ன என்று எழுதிக் கொடுத்தேன். பழையபடி தலைகீழாகப் போட்டு இருபத்தைந்து என்று எழுதுவாள் என்று எனக்குத் தெரியும், வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு அடுப்பங்கரையில் திரும்பி நின்றுவிட்டேன். அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரலில், "அம்பத்திரண்ட நாப்பத்துப்பன்னெண்டுன்னு கூப்டா என்ன" என்று கேட்டது. நான் திரும்பவில்லை. "பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு. நாப்பதுல முப்பது போனா பத்து. பதினஞ்சும்மா" என்றாள். அப்புறம், "சரியா?" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். அழுதால் தப்பு என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயந்து, வெங்காயக் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதேன்.

பரீட்சை முடிந்து சில நாள் கழித்துக் கார்குழலி மிஸ் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போகிற வழி பூராவும் மாதாவிடம் பேசிக்கொண்டே போனேன். மிஸ் விடைத்தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க ஆஷ்லின் அம்மா. பரீட்ச அன்னிக்கு ஒங்க பொண்ணு வாய்விட்டு ஏதோ சொல்லிக்கிட்டே எழுதறா. கவிநிலாவுக்கு விடை சொல்லித் தர்றாளோன்னு பக்கத்துல போயி நின்னேன். நாப்பத்துப்பன்னெண்டுங்கறா, முப்பத்துப்பதினேழுங்கறா. அந்த மாதிரி நம்பரெல்லாம் எந்த ஊர்லங்க இருக்குது?"

"பாரீஸ்ல மிஸ்" என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வந்துவிட்டது. நாற்பத்துப்பன்னிரண்டு பாரீஸிலும் கிடையாது, அது ஆஷ்லினே உண்டாக்கினது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மிஸ் பேனாவை மூடினார்கள். அப்புறம் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்கள். கழித்தல் அத்தனையும் சரி அண்ணி. ஒன்றுகூடத் தப்பில்லை. "மத்தியானக் கிளாஸ் இவளுக்கு வேணாம். பாட்டு கிளாஸ்லயே இருக்கட்டும், பாட்டுதான் கொஞ்சம் சுமாரா இருக்குது" என்றார்கள். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்கள். எங்கள் நாத்தனார், பாரீஸிலிருந்து ஒரு கரடியை அனுப்பினார்கள் என்றேன். கரடியா என்று இரண்டு தரம் கேட்டார்கள். ஆனால் நல்ல மனசு அந்த மிஸ்ஸுக்கு. மறுநாள் ஆஷ்லினைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, வகுப்புக்கே இந்த வழியைச் சொல்லிக்காட்ட வைத்திருக்கிறார்கள். கழித்தலில் தடுமாறிய இன்னும் சில பிள்ளைகளுக்கும் பிடிபட்டுவிட்டதாம். இப்போது எங்கள் தெருவில் சாயங்காலம் போனால் பிள்ளைகள் எல்லாம் அறுபத்துப்பதினைந்து, எழுபத்துப்பதினொன்று என்று கத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டுகின்றன. யாரோ ஒரு தகப்பனார் வந்து, இது புதுப் பாடத்திட்டமா என்று உங்கள் தம்பியிடம் கேட்டார். ஆமாம் என்று இவர் சொல்லிவிட்டார்.

அண்ணி, உங்களுக்கு இது ஒரு சின்னச் சந்தா. கடையில் காபி குடிக்கிற செலவு என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு அப்படி இல்லை. என் பொண்ணு தனக்கு அறிவில்லை என்று நினைக்க ஆரம்பித்திருந்தாள், அதை வெளியே சொல்லத் தெரியாமல் பித்தானில் பூ போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கடைக்கார மாமா மீதி சில்லறை தருவதற்கு முன்னால் இவள் சொல்லிவிடுகிறாள். நீங்கள் அங்கே வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் என் அழுகையைப் பொறுமையாகக் கேட்டு, இது நமக்கென்ன என்று விடாமல், தேடிப் பிடித்து அனுப்பினீர்கள். கூடப்பிறந்த அக்கா இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு செய்திருப்பாளா தெரியாது. இனிமேல் கணக்கைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நெட்டில் எதையும் தேடவும் மாட்டேன். கரடி விளையாட்டும் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான், அதுவும் அவள் மட்டும்தான், நான் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம்.

அருளானந்தம் அண்ணனுக்கு எங்கள் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆஷ்லினுடைய முத்தங்கள், எத்தனை என்று அவளே எண்ணிச் சொன்னாள், அது கத்ர்-வேனுக்கு மேல் போவதால் எழுதவில்லை. உங்கள் முழுக் குடும்பத்தையும் மாதா தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். உங்கள் தம்பியும் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார், குறட்டைக்கு நடுவில்.

என்றும் நன்றியோடு,
லினெட்

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். கவரை இன்னும் ஒட்டவில்லை, நல்ல வேளை. மேலே எழுதியதை எல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணி. இன்றைக்கு வகுப்பில் கூட்டல் வைத்திருக்கிறார்கள். கூட்டல், எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் கவலை இல்லாமல் இருந்த ஒரே விஷயம். அறுபத்தேழோடு எட்டைக் கூட்டினால் என்ன என்பதற்கு ஆஷ்லின் அறுபத்துப்பதினைந்து என்று சரியாகச் சொல்லி, 6015 என்று எழுதியிருக்கிறாள். ஐம்பத்தெட்டும் நாலும் 5012 ஆம். ஏண்டி இப்படி எழுதினாய் என்று கேட்டால், "அம்பது எழுதிட்டுப் பன்னெண்டு எழுதணும், வேற எப்பிடிம்மா எழுதறது" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறாள். இவள் மட்டும் என்றால்கூடச் சமாளித்துவிடலாம். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், கவிநிலா உட்பட. கார்குழலி மிஸ் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஒங்க நாத்தனாரையே கேளுங்கம்மா, அங்க புள்ளைங்க இத எப்பிடி எழுதப் பழகறாங்கன்னு. அடுத்த வாரம் பேரன்ட்ஸ் மீட்டிங், எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க" என்றார்கள். உங்கள் பிள்ளைகளும் சின்னதில் இப்படி எழுதினார்களா, தானாகச் சரியானதா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி போதும். வாட்ஸ்அப்பிலேயே சொல்லலாம். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள் அண்ணி.